பழைய கிளாரினெற்றை 'பியோம் ஆக்கித் தாறன்' எண்டு சொன்னா...

நம்ம திருகோணமலைப் பாண்ட் பெடியள் ரெண்டு பேர், என்ர கிளாரினெற்றைத் (ஊதுற குழல் வாத்தியம்) திருத்தக் குடுத்த அதே ஆளிட்டப் போகப்போறதாக் கேள்விப்பட்டன். அதுதான் எழுதுறன். அந்தாளின்ர பெயர் போடேல்ல.

என்ர கிளாரினெற் அப்பப்பாட. 1957இல பிரிட்டிஷ் நேவி டொக்யாட்டை விட்டுப் போற நேரம் ஆரிட்டயோ வாங்கினவராம். ஆல்பர்ட் சிஸ்டம், அதாவது பழைய விரல்முறை. நான் பழகினது பியோம் எண்ட மற்ற விரல்முறை, அதால வலக்கையில தடக்கும். பியோமில சுட்டுவிரல் மட்டும் வைச்சா மேல் எஃப் சுரம், நடுவிரல் மட்டும் எண்டா எஃப் ஷார்ப். ஆல்பர்ட்டில சுட்டுவிரலே எஃப் ஷார்ப். எஃபுக்கு அதோட நடுவிரலை விட்டு மோதிரவிரலைச் சேர்க்கோணும். கல்யாண வீட்டில வேகமாப் போகேக்க கட்டாயம் பிழைக்கும்.

"ரெண்டு ரிங், ஒரு கீ கூடப் போட்டா பியோம்தான் தம்பி. மூண்டு கிழமை" எண்டார் திருத்துறவர். (ரிங் எண்டா துளையைச் சுத்தின வளையம், கீ எண்டா துளையைத் திறந்து மூடுற நெம்பு.) 45,000 ரூபா பேசி 30,000 முற்பணம். ரசீதுத் துண்டு வாங்கேல்ல, அது என்ர மடைத்தனம்.

நாலு மாசத்தால கையில வந்துது. ஒரு துளையை அரல்டைட் பசையால அடைச்சுப்போட்டுப் பக்கத்தில புதுசாத் துளைச்சிருக்கு. புது ரிங் வெறும் ஈயப்பற்று, முதல் நாளே கழண்டிட்டு. கீழ் பி ஃபிளாட் சரி. பெருவிரல் கீயை அமத்தினா அதே விரல் வைப்புக்கு மேல் எஃப் வரோணும், அது இறங்கி ஊளையிடுது. மேல் சுரங்களுக்குப் போகேக்க புல்லாங்குழல் எட்டாம் சுரத்துக்குத் தாவும், கிளாரினெற் பன்னிரண்டாம் சுரத்துக்கு. ஒரு துளை ரெண்டு சுரத்துக்குக் காவல் எண்டு விளங்காத ஆள் அதில ட்ரில் வைக்கலாமோ?

கிளாரினெற் வாசிக்கிற குளோசேயும் வாத்தியம் செய்யிற பூஃபேயும் 1839இல பாரிசில காட்டின 17 கீ, 6 ரிங் பியோம் கிளாரினெற், பழசில ஒட்டுப்போட்டு வந்ததில்லை. துளையள முதல்ல சுரத்துக்கேத்த இடத்தில வைச்சு, பிறகுதான் விரல் எட்டக் கீ கட்டினவை. (பியோம் புல்லாங்குழல்காரர், பெயர் மட்டும் இதில ஒட்டிக்கொண்டுது.)

திரும்பக் கொண்டுபோனன். "ரீட் பிழை, மாத்திப் பாருங்கோ" எண்டார். ஊதுவாயில கட்டுற அந்த நாணல் சீவலை மாத்தினன். ஃபோன்ல சுரம் சரியோ எண்டு காட்டுற ட்யூனர் போட்டுக் காட்டினன். "கடற்காத்துக்கு மரம் ஊதிப் பெருத்திருக்கும்" எண்டார். அறுபது வருசமா அதே கடற்காத்துக்குள்ள ஊதாத மரம்! பிறகு ஃபோன் எடுக்கிறதே இல்லை.

இப்ப ஃபேஸ்புக்கில 'நம்ம வேலை' எண்டு என்ர கிளாரினெற்றின்ர படத்தைத்தான் போட்டிருக்கிறார். பளபளெண்டு வடிவாத்தான் இருக்கு, படத்தில மேல் எஃப் கேக்காதுதானே.