வைட்பேண்ட் மீட்டர்: சென்சார் மாற்றிய கையோடு எழுதுவது

காருக்கு வைட்பேண்ட் ஏர்-ஃபியூவல் மீட்டர் போடலாமா என்று நண்பர் கேட்டார். எக்ஸாஸ்ட் பைப்பில் ஒரு சென்சாரை வைத்து, இன்ஜினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று போகிறது என்று எடைக் கணக்கில் காட்டும் கருவி அது. செத்துப்போன சென்சாரைக் கழற்றிப் புதிது மாட்டிய நேரத்தில் கேட்டதால், பதில் கொஞ்சம் சூடாகவே வருகிறது.

மீட்டர்மேல் எனக்குக் குறையே இல்லை. சென்சாரைத் திருகும் துளைக்கு வெல்டிங் வைத்த விதம்தான் இன்னும் ஆறவில்லை. எக்ஸாஸ்ட் பைப்பைக் கடிகாரமாக நினைத்தால், சென்சார் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே, மேல்பக்கம் இருக்க வேண்டும். பெட்டியோடு வரும் தாளில் படமே போட்டிருக்கிறது. அந்தத் தாளைக் கையில் கொடுத்தும், வேலைக்கு வசதியான இடம் என்று பட்டறையில் 3 மணி பக்கம் படுக்கையாக வைத்துவிட்டார்கள். குளிர்ந்த பைப்பில் நீராவி தண்ணீராகித் தேங்கும். இந்த மீட்டரின் எல்எஸ்யூ 4.9 ரகச் சென்சாரின் உள்ளே இருக்கும் செராமிக், ஹீட்டரால் ஏறக்குறைய 780 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறி நிற்பது. அதன்மேல் தண்ணீர் பட்டால் விரிசல்தான்.

சட்டென்று செத்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. சாவதற்கு முன் நம்பும்படியாகப் பொய் சொன்னது. பெட்ரோலுக்குச் சரியான எண் 14.7. இதுவோ ஐட்லிங்கில் 15.5, 15.8 என்று காட்டியது. கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம். சென்சாருக்கு முன்னால் எங்காவது எக்ஸாஸ்ட் கசிந்தாலும், வெளிக்காற்று உள்ளே போய் இப்படித்தான் காட்டும். அதனால் முதலில் கேஸ்கெட்டைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அப்புறம் ஸ்கேனர் போட்டால், இசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கொடுக்கும் எரிபொருள் திருத்தம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. காரின் சொந்த சென்சார் சரி என்கிறது, நான் காசு கொடுத்துப் போட்டது தப்பு என்கிறது. மிஸ்ஃபயர் ஆனாலும் எரியாத ஆக்சிஜனைப் பார்த்துப் பெட்ரோல் குறைவு என்றே இது சொல்லும். அதையும் சோதித்த பிறகுதான் சென்சார்மேல் பழி போட்டேன்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இறக்கத்தில் கியரிலேயே வைத்துக் காலை எடுத்துப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போய் மீட்டரின் எல்லையைத் தொட்டு நிற்கும். இன்ஜெக்டர் மூடிவிட்டது, வெறும் காற்றுதான் வெளியே போகிறது என்று பொருள். வேகம் குறைந்து ஐட்லிங் பக்கம் வரும்போது பெட்ரோல் திரும்ப வந்து, எண் 14.7க்கு இறங்கும். இதை இதற்கு முன்பே படித்திருக்கிறேன், ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு. நியூட்ரலில் போட்டால் ஐட்லிங்குக்காவது பெட்ரோல் செலவாகும். கியரில் விட்டால் அதுவும் இல்லை. என் ஓட்டும் முறையையே இந்த மீட்டர் மாற்றியது. முழு ஆக்சிலேட்டரில் 12.8 வரை இறங்குவதும், குளிர்ந்த இன்ஜின் முதலில் தாராளமாகக் குடித்துவிட்டு மெல்லச் சமநிலைக்கு வருவதும் இன்றைக்கும் எனக்குச் சலிக்கவில்லை.

இன்னொன்று. மீட்டர் உண்மையில் அளப்பது லாம்டாவை, அதாவது இப்போதைய விகிதம் சரியான விகிதத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை. அதை 14.7ஆல் பெருக்கித்தான் எண் காட்டுகிறது. பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்திருந்தால் சரியான விகிதம் 14.1 அளவுக்கு இறங்கிவிடும், மீட்டரோ 14.7 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். லாம்டாவுக்கு மாற்றிவைத்தால் இந்தக் குழப்பம் இல்லை, 1.00 என்றால் சரி, அவ்வளவுதான்.

இத்தனை சொல்லிவிட்டும் நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். அவருடையது கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் கார். கலவையை இசியு பார்த்துக்கொள்கிறது, அவர் திருத்த அங்கே ஒன்றும் இல்லை. கார்புரேட்டர் வண்டி என்றாலோ, டர்போவும் இன்ஜெக்டரும் மாற்றியிருந்தாலோ, போடாமல் ஓட்டாதீர்கள் என்றிருப்பேன். என் காரும் கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடுவதுதான், ஆனாலும் நான் கழற்றப்போவதில்லை.

பேச்சைக் கேட்காமல் வாங்கினால், வெல்டிங் முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். வெல்டிங் நடக்கும்போது சென்சார் பெட்டிக்குள் இருக்கட்டும். ஒயரிங் மறுநாள்தான் என்றால் அதுவரை துளையைப் பிளக் போட்டு மூடி ஓட்டுங்கள். ஹீட்டருக்குக் கரண்ட் இல்லாமல் புகையில் கிடக்கும் சென்சார் கரி படிந்தே கெட்டுப்போகும்.