ஏ2 போர்ட்ஃபோலியோ பை: எட்டு மாதம் சுமந்த பிறகு

எட்டு மாதத்துக்கு முன்னால் சென்னை பாரிமுனையில் ஒரு கடையில் 850 ரூபாய் கொடுத்து, வரைந்த படங்களை மடிக்காமல் சுமக்கிற இந்தப் பையை வாங்கினேன். கறுப்பு ரெக்சின், மூன்று பக்கமும் ஜிப், உள்ளே வளையத்தில் கோத்த பிளாஸ்டிக் உறைகள் பத்து, தோளில் மாட்ட ஒரு வார். பையில் கம்பெனி பெயர் எதுவும் இல்லை. இதே மாதிரி பை ஆர்ட் சாமான் விற்கும் பல கடைகளில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். கவின்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை வாங்கலாமா என்ற பேச்சு கட்டாயம் வரும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் விழுப்புரத்தில் சைன்போர்டு எழுதுகிறவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கடை போர்டு வேலை பெரும்பாலும் போய்விட்டது. இப்போது லாரி, பள்ளிக்கூடச் சுவர், கோயில் கல்வெட்டுக்கு வர்ணம் என்று ஓடுகிறது. மகள் பிளஸ் டூ முடித்ததும் ஓவியம்தான் படிப்பேன் என்று சொல்லி இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஒன்றில் பதினைந்து படங்களை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். இன்னொன்றில் போட்டோ எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும்.

முதலில் அளவு. ஏ2 தாள் என்பது 42 சென்டிமீட்டருக்கு 59.4 சென்டிமீட்டர். பையின் உள்ளளவு அதைவிட இரண்டு விரல் அதிகம், ஆகவே தாள் தாராளமாகப் போகிறது. மகள் பெரும்பாலும் அரை இம்பீரியல் தாளில்தான் வரைந்தாள். அது 15 அங்குலத்துக்கு 22 அங்குலம், சிக்கலே இல்லை. ஆனால் நம் ஊர் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் முழு சார்ட் தாள் 22க்கு 28 அங்குலம். அது இந்தப் பையில் போகாது. பிள்ளை சார்ட் தாளில்தான் வரைந்திருக்கிறது என்றால் பையை வாங்கிவிட்டுப் படத்தை மடிக்காதீர்கள். மடிப்பு விழுந்த இடத்தில் பென்சில் ஷேடு வெள்ளையாகப் பிளந்துவிடும், அதன் பிறகு என்ன செய்தாலும் சரியாகாது.

அடுத்தது உறை. இந்தப் பையில் எனக்கு மனசு ஒப்பாதது இதுதான். பிளாஸ்டிக் உறையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று தொட்டால் கொழகொழவென்று இருக்கும், புது ரெயின்கோட் வாசனை அடிக்கும். இன்னொன்று மொடமொடவென்று சத்தம் போடும், வாசனை இருக்காது. இந்தப் பையில் வந்தது முதல் சாதி, அதாவது பி.வி.சி. மே மாத வெயிலில் பஸ்ஸில் போய்த் திரும்பி வந்து பார்த்தால், உள்ளே வைத்திருந்த ஜெராக்ஸ் பிரதி ஒன்று உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் பிரித்தேன். ஆனாலும் எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கில் வந்துவிட்டது, தாள் வெறும் சாம்பலாக நின்றது. நல்லவேளை, அது படம் இல்லை, மார்க் ஷீட்டின் நகல்.

கரிப் படத்துக்கு, அதாவது கரித்துண்டால் வரைந்த படத்துக்கு, உறை இன்னும் ஆகாது. பிளாஸ்டிக்கைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தால் அதில் ஒரு இழுப்பு வந்துவிடும், தலைமுடியில் சீப்பு இழுக்கிற மாதிரி. உறைக்குள் படத்தை நுழைக்கும்போதே கரித்தூள் பொடிப்பொடியாக எழும்பி பிளாஸ்டிக்கில் போய் ஒட்டிக்கொள்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். படத்தில் இருந்த கன்னத்து நிழல் பாதி உறையில் இருந்தது.

இதற்கு வழி சொன்னவர் மகளுடைய பள்ளியின் பகுதிநேர ஓவிய ஆசிரியர். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். "அண்ணே, கரிப் படத்துக்கு உறையே வேண்டாம். பட்டர் பேப்பரை மேலே போட்டு, மேல் ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டிடுங்க" என்றார். அப்படியே செய்தோம். முதலில் படத்தின் மேல், கரி உதிராமல் பிடித்துவைக்கிற ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே, ஒரு முழ தூரத்தில் பிடித்து, மெல்லிசாக இரண்டு தடவை. ஒரே தடவையில் ஈரமாகும் அளவுக்கு அடித்தால் கரி ஊறிக் கருத்துப்போகும், மங்கலாக வைத்த இடமெல்லாம் திட்டாகிவிடும். அதை ஒரு பழைய படத்தில் அடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். ஸ்பிரே காய்ந்த பிறகு பட்டர் பேப்பர். இப்போது வரை ஒரு படம்கூடக் கெடவில்லை.

ஜிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாவது மாதமே மூலை திரும்புகிற இடத்தில் பல் விட்டுவிட்டது. திண்டிவனத்தில் பஸ் மாறும்போது திடீரென்று கோடை மழை. ரெக்சினில் ஒரு சொட்டு இறங்கவில்லை, ஆனால் அந்த மூலை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், என் மனைவி முருங்கைக்கீரை ஆய்கிற கையை மகள் வரைந்த படத்தின் கீழ் மூலை நெளிந்துபோயிற்று. மகள் பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்து தாளின் பின்பக்கத்தை ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே பிளைவுட், அதன் மேல் நான்கு எனாமல் டப்பா. காலையில் எடுத்துப் பார்த்தால் நேராகிவிட்டது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஜிப்பைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து மாற்றினேன், 120 ரூபாய். அவர் போட்ட ஜிப் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. வாங்கும்போதே கடையில் வைத்து ஜிப்பை நாலைந்து தடவை மூலை திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

இத்தனை குறை சொன்னாலும் பை வாங்கியது சரிதான் என்கிறேன். அதற்கு முன்னால் படங்களைச் சுருட்டித்தான் குழாயில் கொண்டுபோனோம். சுருட்டின தாள் மேஜையில் போட்டால் திரும்பச் சுருண்டுகொள்ளும். பார்க்கிறவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும், அப்புறம் எப்படிப் பொறுமையாகப் பார்ப்பார்? இந்தப் பையில் தாள் தட்டையாக இருக்கிறது, ஒவ்வொன்றாகப் புரட்டலாம். அது பெரிய விஷயம்.

850 ரூபாய் கொடுக்க முடியாதவர்கள் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு மில்போர்டு அட்டை, நடுவில் பைண்டிங் துணி, மூன்று பக்கமும் கட்ட நாடா. புத்தகம் பைண்டு செய்கிறவரிடம் சொன்னால் முழுதும் 200 ரூபாய்க்குள் முடித்துத் தருவார். மழைக்குத் தாங்காது, ஆனால் கரிப் படத்துக்கு இந்தப் பையைவிட அதுதான் நல்லது.

சரி, பைக்குள் என்ன போனது என்பதையும் சொல்கிறேன். பையை விட அதுதானே முக்கியம்.

நான் முதலில் எடுத்து அடுக்கினது ஆறு முகப்படங்கள். போட்டோவில் கட்டம் போட்டு, தாளிலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிசாக்கி வரைந்தவை. நான் கற்றுக்கொடுத்த வேலை. நடிகர்கள், அப்துல் கலாம், எங்கள் அம்மா. ஒவ்வொன்றும் அச்சு அசல். ஆசிரியர் பார்த்துவிட்டு ஐந்தை வெளியே எடுத்து வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. அவர் கோபமாகச் சொல்லவில்லை. "இதுல கேமரா பார்த்ததுதான் இருக்கு அண்ணே, பொண்ணு பார்த்தது இல்ல. கை சுத்தமா இருக்குன்னு காட்ட ஒண்ணு போதும்" என்றார். எங்கள் அம்மாவின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவர் கைபேசியில் கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைக் காட்டினார். ஆதிமூலம் சென்னை கவின்கலைக் கல்லூரியில் படித்த ஓவியர். காந்தியை விதவிதமாகக் கோட்டில் வரைந்தவர். அவர் பத்திரிகைகளுக்கு எழுதிய தலைப்பு எழுத்துகளை நான் இளவயதில் கத்தரித்து வைத்துப் போர்டில் எழுதிப் பழகியிருக்கிறேன், ஆனால் படங்களை அதுவரை கவனித்ததில்லை. ஒரு காந்தி படத்தில் முதுகு ஒரே கோடுதான். அந்த ஒரு கோட்டில் நடை தெரிந்தது. கட்டம் போட்டு அந்தக் கோட்டை எடுக்க முடியாது என்று எனக்கே புரிந்தது.

அப்புறம் மூன்று மாதம் மகள் வீட்டில் உட்காரவே இல்லை. விழுப்புரம் ஜங்ஷனில் நடைமேடையில் தூங்குகிறவர்கள். செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகால், அடுக்கடுக்காக மேலே போகிற வளைவுகள், அதில் தூரக் கணக்கு தப்பித் தப்பி நான்கு தடவை வரைந்தாள். தாள் வாங்கச் சென்னை போன அன்று மெரினாவில் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்றோம். அந்தச் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக இருந்தவர். 1850ல் ஆரம்பித்த அந்தப் பள்ளிதான் இன்றைய கவின்கலைக் கல்லூரி. எல்லாரும் சிலையை முன்னாலிருந்து பார்ப்பார்கள். மகள் சுற்றிப் போய், பாறையைத் தள்ளுகிற ஒருவரின் முதுகையும் பின்னங்காலையும் மட்டும் வரைந்தாள். குதிகால் தரையை விட்டு எழும்பிய இடத்தில் கெண்டைக்கால் தசை எப்படி முடிச்சுப் போடுகிறது என்று அந்தப் படத்தில் தெரியும். கோப்பில் முதலில் வைத்தது அதைத்தான்.

சாமான் விஷயத்தில் பெரிய செலவு தேவையில்லை. பென்சிலுக்கு அப்சரா, நடராஜ் போதும், இரண்டும் இந்துஸ்தான் பென்சில்ஸ் நிறுவனத்துடையவைதான். தினசரிப் பழகுவதற்கு மெல்லிய நியூஸ்பிரிண்ட் தாள், கோப்பில் வைக்கிற படத்துக்கு 130 ஜி.எஸ்.எம்.முக்குக் (தாளின் கன அளவு) குறையாத கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது கெட்டியான வரைதாள். சென்னை ஆண்டர்சன் தெருவில் கட்டாக, குயர் கணக்கில் வாங்கினால் சில்லறையைவிட நன்றாகவே மிச்சம். நியூஸ்பிரிண்டில் நல்ல படம் அமைந்துவிட்டால் உடனே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள், சில மாதத்தில் மஞ்சளாகிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 6பி என்கிற மெத்தென்ற கறுப்புப் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினால் அந்த இடம் தகரம் மாதிரி மினுங்கும். நேரில் பார்த்தால் கறுப்பு, போட்டோவில் வெள்ளைத் திட்டு. மேலே கரியைப் பூசலாம் என்றால் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். நல்ல கறுப்பு வேண்டிய இடத்துக்கு முதலிலேயே கரிப் பென்சிலை எடுத்துவிட வேண்டும்.

போட்டோவில்தான் பல பிள்ளைகளின் வேலை வீணாகிறது. பக்கத்து ஊர் பையன் ஒருவன் நல்ல படங்களைக் கட்டிலில் பரப்பி, மேலே நின்று எடுத்து அனுப்பியிருந்தான். படம் எல்லாம் ஒரு பக்கம் அகலம், எதிர்ப்பக்கம் குறுகல், ஓரத்தில் அவன் நிழல். நாங்கள் வேறு மாதிரி செய்தோம். காலை பத்து மணிக்கு வெயில் நேராக விழாத திண்ணைச் சுவர். கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலுக்கு நேராகத் தாளின் ஓரத்தை வைத்து கிளிப் போட்டோம். தாளின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பில் அளந்து, அதே உயரத்துக்கு ஒரு ஸ்டூலின் மேல் செங்கல் அடுக்கிக் கைபேசியை நிறுத்தினேன். ஃபிளாஷ் கிடையாது. நாலு மூலையும் சதுரமாக வந்தது. சுவரில் கோணல் இல்லாமல் எழுத்து எழுத முப்பது வருஷமாகச் செய்கிற வேலைதான் இது. மகளுக்கு என்னால் ஆன உதவி என்று இதைத்தான் சந்தோஷமாகச் சொல்வேன்.

நேர்முகத்தில் பதினைந்து படத்தையும் புரட்டினார்கள். முதுகுப் படத்தில் நின்றார்கள். நெளிந்துபோன கீரைப் படத்தை ஒருவர் வெளியே எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாராம். மூலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, இது யார் கை என்று மட்டும் கேட்டிருக்கிறார். அம்மா கை என்று சொல்லியிருக்கிறாள்.

இடம் கிடைத்துவிட்டது. பை இப்போது அவளோடு விடுதியில் இருக்கிறது. கொழகொழ உறைகளையெல்லாம் கழற்றிவிட்டு மொடமொட உறை ஆறு வாங்கி மாட்டியிருக்கிறாள், வளைய அளவு ஒத்துப்போயிற்று. வார் தைத்த இடம் மட்டும் பிரிய ஆரம்பித்திருக்கிறதாம், தாள் கனம் ஏறினால் அப்படித்தான். போன வாரம் போனில், "அப்பா, வரும்போது பட்டர் பேப்பர் வாங்கிட்டு வாங்க, இங்க ஒரு தாள் அஞ்சு ரூபா சொல்றாங்க" என்றாள். இருபது தாள் வாங்கி மில்போர்டுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். வாரைத் தைக்க மெழுகு நூலும் கோணி ஊசியும் எடுத்து வைத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன்.