மாதம் 1,000 கிலோமீட்டர்: பெட்ரோலா, சிஎன்ஜியா, மின்சாரமா?

சென்னைப் புறநகரில் வசித்து, மாதம் 1,000 கிலோமீட்டர் வரை ஓட்டும் ஒரு குடும்பம் சிறிய கார் வாங்க முனைகிறது என்று வைத்துக்கொள்வோம். மாருதியின் பெட்ரோல் வேகன் ஆர், அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவில் (சிஎன்ஜி) ஓடும் அதன் வகை, டாடாவின் மின்சார டியாகோ ஆகிய மூன்றையும் செலவு, புகை என்ற இரண்டு கணக்குகளிலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் மைலேஜ். வேகன் ஆர் பெட்ரோலில் லிட்டருக்கு 24 கிலோமீட்டருக்கு மேலும், சிஎன்ஜியில் கிலோவுக்கு 34 கிலோமீட்டரும் தரும் என்பது ஆய்வுக்கூடச் சோதனையின் கணக்கு. எங்கள் பழைய பெட்ரோல் காரில் ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணை ஒரு சிறு நோட்டில் குறித்து வந்தேன். பள்ளி திறந்த ஜூனில் 15-க்குக் கீழே இறங்கிய அதே கார், மே விடுமுறையில் ஊருக்குப் போய்வந்தபோது 20-ஐத் தொட்டது. ஆகவே நகர ஓட்டத்துக்குப் பெட்ரோலில் 17, சிஎன்ஜியில் 25 என்று கொள்வதே நேர்மையான கணக்கு.

அப்படியானால் மாதம் ஏறத்தாழ 59 லிட்டர் பெட்ரோல் தேவைப்படும். லிட்டர் 100 ரூபாய் என்றால் செலவு 5,900 ரூபாய். சிஎன்ஜி 40 கிலோ போதும். கிலோ 90 ரூபாய் வீதம் 3,600 ரூபாய். மின்சாரக் காருக்கு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் எனக் கொண்டால் மாதம் சுமார் 143 யூனிட் ஆகும். இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். இரு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் வீடு, கார் வந்ததும் 586 யூனிட்டுக்குப் போய்விடும். 500-ஐத் தாண்டியதும் முந்தைய யூனிட்டுகளுக்கான சலுகையும் குறைந்துவிடுவதால், பில் இரு மாதத்துக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய் கூடும். அப்படியும் மாதம் 1,000 ரூபாய்தான். ஆனால் வீட்டில் சார்ஜ் செய்ய வழியின்றி, யூனிட்டுக்கு 20 ரூபாய் அளவில் வாங்கும் பொது நிலையங்களையே நம்பினால், செலவு 2,900 ரூபாயை நெருங்கிவிடும். சிஎன்ஜிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

விலையைப் பொறுத்தவரை, சிஎன்ஜி வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் சுமார் 90,000 ரூபாய் மூன்றேகால் ஆண்டில் திரும்பக் கிடைக்கும். மின்சாரக் காருக்கு மூன்று லட்சம் அதிகம் என்றால் ஐந்து ஆண்டுகள் ஆகும். மாதம் 400 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு இந்தக் காலம் முறையே எட்டு, பன்னிரண்டு ஆண்டுகளாக நீளும் என்பதால், அவருக்குப் பெட்ரோலே போதும் என்பேன். சிஎன்ஜியில் டிக்கி முழுவதையும் சிலிண்டர் அடைத்துக்கொள்வதையும், பங்கில் நிற்கும் வரிசையையும் மறக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் கார் நெரிசலில் நன்றாகவே மிச்சம் பிடிக்கிறது. ஆனால் இங்கே அது கிராண்ட் விட்டாரா போன்ற பெரிய, விலை கூடிய கார்களில்தான் கிடைக்கிறது என்பதால் இந்தக் குடும்பத்துக்கு ஒத்துவராது.

புகைக் கணக்கு இவ்வளவு தெளிவாக இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். மாதத்துக்கு 135 கிலோ. சிஎன்ஜியில் அது 110 கிலோ. மின்சாரக் காரின் பின்னால் புகைக்குழாய் இல்லாவிட்டாலும், நிலக்கரியைப் பெரிதும் சார்ந்த நம் நாட்டு மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வெளியிடுவதால், அதன் பங்கும் 100 கிலோ ஆகிறது. பேட்டரி தயாரிப்பில் வெளியாவது இதற்கு மேல். கச்சா எண்ணெயை எடுத்துச் சுத்திகரிப்பதில் வெளியாவதைச் சேர்த்தால் பெட்ரோலின் கணக்கும் கூடும் என்பது உண்மைதான். ஆயினும் மின்சாரக் கார் என்றாலே மாசு இல்லை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. தெருவில் நிற்கும் குழந்தையின் மூச்சில் புகை ஏறாது என்பது மட்டும் மறுக்க முடியாத நன்மை.

இந்த நிலையை அடியோடு மாற்றுவது மொட்டைமாடிச் சூரியத் தகடுதான். 3 கிலோவாட் அமைப்பு நம் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும். காருக்குத் தேவை ஐந்துக்கும் குறைவு. அதற்கு மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியமும் தருகிறது. தனி வீடும் மாடியும் உள்ளவர்கள் தயங்காமல் மின்சாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள், தங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை கேபிள் இழுக்கச் சங்கத்திடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெறும்வரை முன்பணம் கட்டாதிருப்பது நல்லது.