பழைய ஆக்டிவா, பிளஷர், பெப் பிளஸ்: எஃப்.சி.யில் தேறுவது எது, நம்பி ஓட்டலாம் என்பது எது?

செகண்ட் ஹேண்டில் மலிவாக ஒரு சின்ன ஸ்கூட்டர் தேடினால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது மூன்று வண்டிகள்: 102 சிசி ஹோண்டா ஆக்டிவா, ஹீரோ ஹோண்டா பிளஷர், டிவிஎஸ் ஸ்கூட்டி பெப் பிளஸ். 2005க்கும் 2009க்கும் இடையில் வாங்கிய வண்டிகள் எல்லாம் இப்போது 15 ஆண்டுகளைத் தாண்டிவிட்டன. ஆர்.சி.யின் முதல் ஆயுள் முடிந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய வயது. சட்டப்படி எஃப்.சி. (ஃபிட்னஸ் சர்டிபிகேட், தகுதிச் சான்று) என்பது வாடகை, சரக்கு வண்டிகளுக்கானதுதான். ஆனாலும் டூவீலர் வைத்திருப்பவர்களும் இதை எஃப்.சி. என்றே சொல்கிறார்கள், இங்கும் அப்படியே சொல்கிறேன்.

இந்த மூன்றில் எஃப்.சி.யில் சுலபமாகத் தேறும் வண்டி ஒன்று, பல வருடம் ஓடக்கூடிய வண்டி வேறொன்று. வாங்குபவர்கள் பலர் ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது என்ற ஒரே வார்த்தையில் மனம் நிறைந்துவிடுகிறார்கள். அது போதாது.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்ப்பது சில நிமிட வேலை. ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன், கண்ணாடி, டயர், பிரேக், புகைச் சான்றிதழ், காப்பீடு. எல்லாவற்றுக்கும் மேலாக இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்பது. எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். பழைய ஸ்கூட்டருக்குப் பெரிய சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். பல்பு போனால் பக்கத்துக் கடையில் மாற்றிவிடலாம். துரு தின்று பாதி அழிந்த சேசிஸ் எண்ணை அப்படி மாற்ற முடியாது. இஞ்சினுக்குள் என்ன இருக்கிறது, பெல்ட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சோதனைக்குள் வருவதே இல்லை.

முதலில் ஆக்டிவா. மூன்றில் இஞ்சின் நம்பிக்கைக்கு இதைத்தான் சொல்வேன். ஆயிலை ஒழுங்காக மாற்றியவர் கையில் இருந்திருந்தால் இந்த 102 சிசி இஞ்சின் சலிக்காமல் ஓடும். சுமார் 7 குதிரைத்திறன், முன்னும் பின்னும் 130 மி.மீ. டிரம் பிரேக். இரண்டு பேர் ஏறினாலும் திணறாது. ஆனால் உடம்பு இரும்புத் தகடு. பெருமையும் அதுதான், வம்பும் அதுதான். கால் வைக்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். மழைத்தண்ணீர் அதன் அடியில் தங்கித் தங்கி, மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே கீழே தகடு செதில் செதிலாக உரியும். ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மொத்தென்று அடங்கும். எண்ணூர், தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் ஓடிய வண்டியென்றால் இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஆக்டிவாவின் அடுத்த பலவீனம் முன்சக்கரம். இதில் பைக்கில் போலக் குழாய்க்குள் குழாய் இறங்கி ஏறும் டெலஸ்கோபிக் ஃபோர்க் கிடையாது, சக்கரத்தை ஒரு சின்ன இணைப்புக் கை தாங்கும் பாட்டம் லிங்க் சஸ்பென்ஷன். 110 சிசி ஆக்டிவாவில் டெலஸ்கோபிக் வந்தது 2020ல் 6ஜி மாடலோடுதான். லிங்க்கின் மூட்டில் உள்ள சின்ன வளையமான புஷ் தேய்ந்தால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டக்'கென்று அடிக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அழுத்திப் பிடிக்க, முன்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் கையிலேயே தெரியும். நல்ல வேளையாக இது பெரிய செலவில்லாத வேலை, எந்த மெக்கானிக்கும் செய்வார். துருவுக்கு அப்படி ஒரு மலிவான வழி இல்லை.

பிளஷர் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஹீரோவும் ஹோண்டாவும் பிரியாத காலத்தில் வந்த வண்டி என்பதால், அதில் இருப்பது ஆக்டிவாவின் அதே 102 சிசி இஞ்சின். மேலே போர்த்தியிருப்பது மட்டும் பிளாஸ்டிக். இஞ்சின் பலம் அங்கிருந்து வருகிறது, தகடு அரிக்கும் தொல்லையில் பெரும்பகுதி கழிகிறது. ஆக்டிவா என்ற பெயருக்காகக் கொடுக்கும் கூடுதல் பணமும் பெரும்பாலும் மிச்சம். ஒரு எச்சரிக்கை: பிளாஸ்டிக் அரிக்காது, அதன் உள்ளே இருக்கும் ஃபிரேம் அரிக்கும். ஸ்டாண்ட் பொருத்தியிருக்கும் இடத்தைக் குனிந்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

பெப் பிளஸ் வேறு ஜாதி. 87.8 சிசி, சுமார் 5 குதிரைத்திறன், எடை 100 கிலோவுக்கும் கீழே, 110 மி.மீ. டிரம். எஃப்.சி.யில் மூன்றில் சுலபமாகத் தேறுவது இதுதான் என்பது என் கணிப்பு. லேசான வண்டி, அதனால் சின்ன டிரம்மே பிடித்து நிறுத்திவிடும். உதிரிபாகம் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் கிடைக்கும். பதினைந்து ஆண்டுக்கு முந்தைய வண்டியே ஒரு மாலை வேலையில் ஆய்வுக்குத் தயாராகிவிடும். ஆனால் அந்தச் சின்ன இஞ்சின் இத்தனை வருடம் யாரைச் சுமந்தது என்று கேளுங்கள். ஒருவர் மட்டும் கல்லூரிக்கும் கடைக்கும் போய்வந்த வண்டி இன்றும் நன்றாக இருக்கும். இரண்டு பேரோடு பால் கேனும் அரிசி மூட்டையும் ஏற்றி எப்போதும் முழு ஆக்சிலரேட்டரில் ஓடியதென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும். சூடான இஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்து, உடனே முறுக்கிப் பாருங்கள். நீலப்புகை வந்தால் இஞ்சின் வேலை காத்திருக்கிறது.

அப்புறம், புகைச் சோதனை. 2000 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இந்த வயது ஃபோர் ஸ்ட்ரோக் டூவீலருக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம் வரை போகலாம். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, ஏர் ஃபில்டர் மாற்றிய வண்டி பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோலை (20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) நினைத்துச் செய்த வண்டிகள் இவை அல்ல. வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட் அடைத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆக மறுக்கும். பெட்ரோல் டியூபைப் புதிதாகப் போட்டுக்கொள்வது நல்லது. மூன்றுக்கும் இது பொது.

செலவுக் கணக்கில் வயது முக்கியம். புதுப்பிப்புக் கட்டணம் டூவீலருக்கு 1,000 ரூபாய். 20 ஆண்டைத் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. அதனால் 2003 ஆக்டிவாவும் 2008 ஆக்டிவாவும் ஒரே விலைக்கு வந்தால் யோசிக்கவே வேண்டாம், புதியதை எடுங்கள்.

தகடு நன்றாக இருக்கும் ஆக்டிவா கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. அப்படிப்பட்டது அரிது என்பதால் நடைமுறையில் பிளஷரைத்தான் அதிகம் பரிந்துரைக்கிறேன். ஒருவர் மட்டும் ஊருக்குள் ஓட்ட, கை கனக்காத வண்டி வேண்டும் என்றால் பெப் பிளஸ். எதை எடுத்தாலும், காலாவதியான ஆர்.சி.யோடு விலை குறைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விற்பவர் பெயரிலேயே ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பித்துத் தரட்டும், அப்புறம் பெயர் மாற்றுங்கள். சேசிஸ் எண் படிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பினால், அந்த அலைச்சல் அவருடையதாக இருக்கட்டும்.