கொடைக்கானல் வீடு: நாள் வாடகையில் இரண்டரை வருடம், அப்புறம் மாத வாடகை

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை வீடு ஒன்று இருக்கிறது. நாங்கள் இருப்பது மதுரையில். 2021 கடைசியிலிருந்து 2024 ஜூன் வரை அதை நாள் வாடகைக்கு விட்டோம். ஜூலையிலிருந்து ஒரு ஆசிரியர் குடும்பம் மாத வாடகைக்கு இருக்கிறது. இரண்டையும் பார்த்தாகிவிட்டது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2023இல் ஒரு இரவுக்கு சராசரி 3,500 ரூபாய், 126 இரவுகள். மொத்தம் 4,41,000. இந்தத் தொகையைச் சொன்னால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. இனி கழிக்க வேண்டியது: வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 9,000 வீதம் 1,08,000. முன்பதிவுச் செயலிகளின் கமிஷன் 48,000. மின்கட்டணம் 36,000, கீசரும் ஹீட்டரும் ஓடும் ஊர், வணிக இணைப்பு வேறு. துணி துவைக்க, கூட்டித் துடைக்க 30,000. ரிப்பேரும் பெயின்ட்டும் 45,000. இணையம், கேஸ், சோப்பு, டீத்தூள் எல்லாம் சேர்த்து 25,000. மிஞ்சியது ஒன்றரை லட்சத்துக்கும் ஆயிரம் ரூபாய் குறைவு. இப்போது மாத வாடகை 13,500. வருடத்துக்கு 1,62,000 வருகிறது, செலவு பெரிதாக இல்லை.

126 இரவுகள் என்பதும் சமமாகப் பரவி வருவதில்லை. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை கேட்டவருக்கெல்லாம் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆயுதபூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம் பரவாயில்லை. ஜூலையில் மூன்றே இரவு ஓடிய வருடமும் உண்டு.

ஜூலை என்றதும் எனக்கு ஞாபகம் வருவது படுக்கை விரிப்புதான். மலையில் மழையும் மூடுபனியும் சேர்ந்தால் நான்கு நாள் கொடியில் கிடந்தாலும் துணி காயாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், மடித்து வைத்தால் ஒரு வாடை வரும். கம்பளி என்றால் கேட்கவே வேண்டாம். கடைசியில் மூட்டை கட்டி வத்தலக்குண்டுக்கு அனுப்பி, கீழே வெயிலில் காயவைத்து வரவழைத்தோம். அதற்குள் ஒரு குடும்பம் ‘ஈர வாடை’ என்று எழுதி இரண்டு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனது. அந்த ஒரு வரி ஒரு வருடம் எங்களைத் துரத்தியது.

இரவு பதினொரு மணிக்கு போன் வரும். “சார், வாசல்ல காட்டுமாடு நிக்குது, கார்ல இருந்து பேக் எடுக்கணும்.” நான் மதுரையில் படுத்துக்கொண்டு என்ன செய்ய? “கதவைச் சாத்திட்டு உள்ள இருங்க, அதுவா போயிரும்” என்பேன். அதுவும் போய்விடும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை சி படிவத்தில் அரசுக்குப் பதிய வேண்டியிருந்தது. தண்ணீர் பாட்டிலோடு வருபவர்களுக்கு, ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் இங்கே தடை என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டும்.

2024 மே 7ஆம் தேதி, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. ஊருக்கு அது நல்லதுதான், மே மாத நெரிசலைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் எங்களுக்கு சீசன் நடுவில் பதினோரு இரவுகள் ரத்தாகின. 2025இல் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பே வந்தது. வருட வருமானத்தில் பாதி அந்த ஒரு சீசனில் வரும் தொழிலில் இது சின்ன விஷயமில்லை.

மாத வாடகையில் குறையே இல்லையா? இருக்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் ஒன்பது ஆணி. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அப்படி. அட்வான்ஸாக மூன்று மாத வாடகை வாங்கினோம். நடுவில் ஒருவர் ஐந்து லட்சம் லீஸுக்குக் கேட்டார், மாத வாடகை கிடையாது. திருப்பிக் கொடுக்கும் நாளில் அந்தப் பணம் என் கையில் இருக்காது என்று எனக்கே தெரியும், வேண்டாம் என்றுவிட்டேன். வரியில் மாத வாடகை சுலபம்: வீட்டு வருமானமாகக் காட்டி 30 சதவீதம் நிலையான கழிவு எடுக்கலாம். நாள் வாடகையை ஆடிட்டர் தொழில் வருமானமாகப் போட்டார், ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது.

பக்கத்துத் தெருவில் ஒருவர் மேல் மாடியில் குடியிருந்துகொண்டு கீழ்த்தளத்தை நாள் வாடகைக்கு விடுகிறார். நன்றாகவே சம்பாதிக்கிறார். அவரே கூட்டுகிறார், அவரே சாவி கொடுக்கிறார், காட்டுமாட்டையும் அவரே பார்த்துக்கொள்கிறார். நான் சம்பளமாகக் கொடுத்த 1,08,000தான் அவருடைய லாபம். வெளியூரில் இருந்துகொண்டு நாள் வாடகை நடத்துவது முதலீடு இல்லை, தூரத்திலிருந்து பார்க்கும் இரண்டாவது வேலை.

இந்த மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். சொந்த வீடு இருக்கும் ஊருக்கு இ-பாஸ் எடுத்து, ஒரு இரவுக்கு 4,500 கொடுத்து வேறு வீட்டில் தங்கினோம். கம்பளியில் அதே வாடை. மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். மதிப்பீடு கேட்டுச் செயலியில் செய்தி வந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டேன்.