வண்டிக்கொட்டகையை வீடாக்கக் கொடுத்தோம். 3,80,000 ரூபாய் போனது

இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். ஆத்திரத்தில் கை நடுங்கியது, முடியவில்லை. பழைய கொட்டகை, தொழுவம், களஞ்சியம் எதையாவது பழமை மாறாமல் வீடாக்க நினைப்பவர்கள் படியுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் என் கணவரின் பூர்வீக வீடு. பெரிய வீட்டில் பங்காளிகள் பலர். ஒரு சன்னலை மாற்றுவதற்குக்கூட அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். பின்வாசலுக்கு எதிரே இருந்த வண்டிக்கொட்டகை மட்டும் எங்கள் பங்குக்கு வந்தது. இரட்டை மாட்டு வண்டி நுழையும் வளைவு வாசல், நாட்டு ஓடு, தேக்கு உத்தரம், சுவரில் மாடு கட்டும் இரும்பு வளையங்கள் ஆறு. அதில் ஒன்றை மாமனார் காலத்து முரட்டுக் காளை வளைத்துவிட்டதாம். பெரிய வீட்டுச் சுவரின் கண்ணாடிப் பளபளப்பு இதற்குக் கிடையாது என்றாலும் பூச்சு அதே சுண்ணாம்புதான். ஓர் அறை, சமையலறை, குளியலறை எடுத்துக்கொண்டு வயதான காலத்தில் நாங்கள் இருவரும் அங்கே இருந்துவிடலாம் என்று ஆசைப்பட்டோம்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் காட்டும் ஓர் இணையதளம் வழியாக, 'பாரம்பரியக் கட்டடங்களைப் புதுப்பிக்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் ஒன்று கிடைத்தது. வழக்குப் போடப் போவதால் இரண்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

பார்க்க வந்தவர் அளவு நாடாவைக்கூட எடுக்கவில்லை. நேராகச் சுவரிடம் போய்க் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். "கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு, ஆச்சி. இந்தச் சுவர் மூச்சு விடுகிறது. சிமெண்டைக் கிட்டே கொண்டுவந்தால் செத்துவிடும்" என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாத கடுக்காய் இவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனேன். வளையங்களைத் தடவிப் பார்த்து, "இதில் ஒன்றைக்கூட நான் கழற்ற மாட்டேன், ஆச்சி" என்றும் சொன்னார். அன்றே 2,00,000 ரூபாய் கொடுத்தோம். ஓடு பிரித்த அன்று 1,80,000. ஆக, 3,80,000 ரூபாய்.

அதன்பின் மகளின் பிரசவத்துக்காக நாங்கள் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. தினமும் மாலையில் கைப்பேசிக்குப் படம் வரும். தொட்டியில் வெள்ளையாக ஊறும் சுண்ணாம்பு, பக்கத்தில் கரண்டி. இப்போது எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். அதே தொட்டியை ஒன்பது நாள் ஒன்பது கோணத்தில் எடுத்திருக்கிறார்கள்!

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது உள்ளே நான்கு சுவரும் சிமெண்டுப் பூச்சு. மேலே நாட்டு ஓட்டுக்குப் பதிலாகத் தகடு. உத்தரத்தில் இரண்டைக் காணோம், கேட்டால், செல்லரித்துவிட்டதாம். அரித்த கட்டையாவது எங்கே? பதில் இல்லை. பழைய தேக்குக்கு எங்கள் பக்கத்துப் பழம்பொருள் கடைகளில் என்ன மதிப்பு என்று எல்லாருக்கும் தெரியும். வளையங்கள் இருந்த இடத்தில் ஆறு சிமெண்டு ஒட்டுகள்.

ஒரு மழை பெய்தது, அவ்வளவுதான். சுவரின் அடிப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துப் பொருமிவிட்டது. பக்கத்து ஊர்ப் பெரிய கொத்தனார் வந்து தட்டிப் பார்த்தார். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகத் தானே வெளியேறிவிடும், சிமெண்டு பூசியதும் போக வழியில்லாமல் மேலே மேலே ஏறுகிறது என்றார். கொத்தி எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுத்தால் பழைய செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வருமாம். 3,80,000 ரூபாய் கொடுத்து, இருந்த சுவரையும் கெடுத்துக்கொண்டோம்.

நிறுவனத்துக்காரர் முதலில் தொலைபேசியில், "காய்ந்தால் சரியாகிவிடும்" என்றார். அடுத்த வாரம் ஒரு பெண் எடுத்து, அவர் வேலையிடத்தில் இருப்பதாகச் சொன்னார். மூன்று நாளும் வேலையிடம்தான். கடைசியாக அவரே பேசினார்: "மேடம், ஒப்பந்தத்தில் உட்சுவர்ப் பூச்சு என்றுதானே இருக்கிறது? எந்தப் பூச்சு என்று இல்லையே." பணம் வாங்கும்வரை ஆச்சி, வாங்கிய பிறகு மேடம்! இணையதளத்தாரோ அறிமுகத்தோடு தங்கள் பொறுப்பு முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார்கள். மறுநாள் அவர்களே, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டார்கள்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், பொறுமை இல்லை. ஒப்பந்தத்தில் 'சுண்ணாம்புப் பூச்சு, சிமெண்டு கலக்கக் கூடாது' என்று எழுதி வாங்குங்கள். பிரிப்பதற்கு முன் ஓடு, உத்தரம், கதவு, ஆணிவரை எண்ணிப் படம் எடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். எட்டு நாளில் நான்கு சுவரும் முடிந்தது என்றால் உடனே ஓடிப் போய்ப் பாருங்கள். கொடுத்த தொகை 5,00,000 ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லாமல் புகார் கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள். நாங்கள் திங்கட்கிழமை போகிறோம்.

எந்தக் கடையிலாவது மாடு கட்டும் வளையம் ஆறு சேர்ந்தாற்போல் கண்ணில் பட்டால் சொல்லுங்கள். ஒன்று வளைந்திருக்கும்.