நீலப் புகையும் நான் வீணாக மாற்றிய டர்போவும்: ஒரு பாவனை அனுபவம்

2018 ஆம் ஆண்டு, 40,000 கிலோமீற்றர் ஓடியிருந்த நிலையில் நான் வாங்கிய கார், 660 சிசி வகையைச் சேர்ந்த ஜப்பானிய பெற்றோல் டர்போ; அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி பூட்டியது. திருகோணமலை நகருக்குள் நாளாந்த ஓட்டமும், மாதத்தில் மூன்று நான்கு தடவை கந்தளாய், ஹபரணை வழியான நீண்ட ஓட்டமுமாக 90,000 வரை குறை சொல்ல இடமில்லாமல் ஓடியது. அதன் பிறகு ஒருநாள், ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மோட்டார் சைக்கிளில் என் பின்னால் வந்த மச்சான், "சைலன்சரில நீலமாப் போகுது, பாக்கேல்லையா?" என்று கேட்டார். ஓட்டுபவருக்குத் தன் வாகனத்தின் புகை கடைசியாகத்தான் தெரியவரும்.

கறுப்புப் புகை பெற்றோல் மிகுதியாகச் செல்வதையும், விடாமல் வரும் வெண்புகை ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் கசிவதையும், நீலம் எஞ்சின் ஒயில் எரிவதையும் காட்டும் என்பது பலருக்கும் தெரிந்ததே. குளிர்நாட்டவர்கள் காலையில் தோன்றும் வெண்ணிற ஆவியைப் பொருட்படுத்த வேண்டாம் என்று எழுதுவார்கள். எங்கள் கடற்கரை வெக்கையில் அந்த ஆவி கண்ணுக்குத் தெரிவதே அரிது என்பதால், இங்கே புகை தெரிந்தாலே விசாரிக்க வேண்டும். நிறத்தில் ஐயம் இருந்தால் மணத்தை நம்பலாம்: ஒயில் எரியும் காரமான நெடி தொண்டையில் நிற்கும்.

முதலில் சென்ற கராஜில் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, உள்ளே தேங்கியிருந்த ஒயிலைக் காட்டினார்கள். டர்போவின் தண்டை விரலால் அசைத்து, அது ஆடுவதையும் காட்டினார்கள். கண்ணால் கண்ட பின் மறுக்கத் தோன்றவில்லை. பாவித்த டர்போ ஒன்றை வாங்கிப் பூட்டினேன். மூன்று வாரம் சுத்தமாக ஓடியது, பிறகு அதே நீலம் திரும்பியது. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டு ஒயில் படலத்தின் மீது மிதப்பதால் பக்கவாட்டில் சற்று ஆடுவது இயல்பே என்பதையும், உள்ளும் வெளியுமாக நகர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். குழாயில் கிடந்த ஒயிலோ, அது எவ்வழியாக வந்தது என்பதைச் சொல்லியது; ஏன் வந்தது என்பதைச் சொல்லவில்லை.

சீனக்குடாப் பக்கம் நான் சந்தித்த இன்னொரு மெக்கானிக் பொனட்டைத் திறக்காமலே, "எப்ப புகைக்குது சேர்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லாததால், ஒரு கிழமை கவனித்துக் குறித்து வரும்படி அனுப்பிவிட்டார். இரவு முழுதும் நின்ற எஞ்சினை எழுப்பியதும் ஒரு கொத்துப் புகை வந்து அடங்கினால், அல்லது இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போது வந்தால், வால்வ் தண்டு வழியே ஒயில் கசியாமல் காக்கும் வால்வ் சீல்களைச் சந்தேகிக்க வேண்டும். பாரத்துடன் ஏறும்போது தொடர்ச்சியாக வந்தால், சிலிண்டருக்குள் ஒயில் ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்குகளை. நன்றாக விரட்டி ஓடிய பின் காரை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சினை ஐடிலில் விடும்போது பெருகினால் டர்போவை அல்லது அதன் ஒயில் வெளியேறும் பாதையை. என் குறிப்பேட்டில் காலைப் புகை சில விநாடிகளுக்கே இருந்தது. மூன்றாவது வகைதான் பக்கத்தை நிரப்பியது.

அடுத்து அவர் செய்த சோதனைக்கு ஒரு ரப்பர் கையுறை போதுமானதாக இருந்தது. எஞ்சின் ஐடிலில் இருக்க, ஒயில் மூடியைக் கழற்றி அந்த வாயில் கையுறையை மாட்டினார். நல்ல எஞ்சினில் அது மெல்ல உள்ளிழுக்கப்பட வேண்டும். என்னுடையது எழுந்து நின்றது. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் அழுத்தம் தேங்கியிருந்தது. டர்போவுக்கு உயவிடும் ஒயில் பம்பின் வேகத்தில் உள்ளே சென்றாலும், திரும்பி வருவது தன் பாரத்தால் மட்டுமே; கீழே அழுத்தம் இருந்தால் அது இறங்க முடியாமல் சீல்களைத் தாண்டி வெளியேறும். எவ்வளவு புதிய டர்போவைப் பூட்டினாலும் இதுவே நடக்கும். கிராங்க் கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வ் மூடியபடியே இறுகியிருந்ததால் அந்த வாயு உள்ளேயே தேங்கியிருக்கிறது. அந்த வாயுவுக்கான மற்ற வழியான பிரீதர் குழாயும் அழுக்கால் பாதி அடைபட்டிருந்தது. டர்போவின் ஒயில் திரும்பும் குழாயினுள் கருகிய ஒயில் பொருக்காகப் படிந்திருந்தது. பழுது ரிங்குகளில் இல்லை என்று உறுதிப்படுத்துவதற்காக, சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்பிரஷன் சோதனையும் செய்து பார்த்தோம். மூன்று சிலிண்டர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டின. டர்போவுக்குக் கொடுத்த பணத்தில் அந்த வால்வை இருபது தடவை வாங்கியிருக்கலாம் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழுது நீங்கியதும் புகை நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் என்னைப் போலவே பதறுவார்கள். சைலன்சருக்குள் ஊறிய ஒயில் எரிந்து முடிய எனக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் பிடித்தது. இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவாமல் விட்டிருந்தால் இன்னும் நீண்டிருக்கும். இதற்கிடையில், புகைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே ஆண்டு வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் கார் சித்தியடைந்திருந்தது! நின்ற இடத்தில் பாரமின்றிச் செய்யப்படும் அந்தச் சோதனையை, எஞ்சின் ஒயில் எரிக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

அதன் பிறகு 22,000 கிலோமீற்றர் ஓடிவிட்டேன். முன்பு ஆயிரம் கிலோமீற்றருக்கு முக்கால் லீற்றர் குடித்த எஞ்சின், இப்போது ஐயாயிரத்துக்குக் கால் லீற்றர் கேட்கிறது. அந்த ஐயாயிரத்தில் ஒயிலையும் மாற்றிவிடுகிறேன். ஹபரணையிலிருந்து உச்சி வெயிலில் வந்து சேரும் நாட்களில், ஒரு நிமிடமாவது ஐடிலில் விட்ட பிறகே எஞ்சினை நிறுத்துகிறேன். ஒயில் திரும்பும் குழாயில் கண்ட அந்தப் பொருக்கு, கொதிக்கும் டர்போவில் தேங்கிய ஒயில் கருகியதால் உண்டானது. காலைப் புகை மட்டும் போகவில்லை. வால்வ் சீல்கள் இறுகிவிட்டன என்று மெக்கானிக்கும் சொல்கிறார். ஆனாலும் நான்கைந்து விநாடிப் புகைக்காக எஞ்சினில் கைவைக்க எனக்கு மனமில்லை. அது பத்து விநாடியைத் தாண்டும் நாளில் சீல்களை மாற்றுவது என்று இருவருமாக முடிவு செய்திருக்கிறோம்.